தூண்டில் என்னும் சொல்

மீன் பிடிப்பதற்கு வலையும் பறியும் ஊத்தாவும் தூரியும் எனப் பல உபகரணங்களை நம் நாட்டார் கண்டிருப்பினும், ஒரு மனிதன் ஒரே ஒரு மீனை எதிர்பார்த்துப் பொழுதெல்லாம் கரையில் அமர்ந்திருப்பதற்கென்றே அமைந்தது தூண்டில் ஒன்றுதான். வயிற்றுப்பாட்டுக்காக அல்லாமல் மனமகிழ்ச்சிக்காக மீன் பிடிப்பவன், எந்தத் தேசத்தவனாயினும், வலையை விட்டு அதையே நாடுகிறான். இளமை தொட்டு வெண்ணாற்றங்கரையிலும் கொள்ளிடத்து மணல் திட்டுகளிலும் அந்த விநோதத்தில் ஈடுபட்டு, பள்ளிக்கூடத்துக்குச் சேரவேண்டிய பொழுதிலும் ஒரு பங்கை மீன்களுக்கே செலவிட்டவன் நான் என்பதால், அக்கருவியின் பெயர் வரலாற்றைப்பற்றி எழுத எனக்கும் சிறிது உரிமை உண்டென்று நினைக்கிறேன். நிகண்டும் அகராதியும் பார்த்துச் சொல்லக்கூடியவற்றைப் புலவர்கள் சொல்லட்டும். கோலைப் பிடித்த கை சொல்லக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது.

இன்று தூண்டில் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது நுனி வளைந்த ஓர் இரும்பு முள்ளே. ஆனால் சங்க நூல்களையும் திருக்குறளையும் ஒரு தூண்டிற்காரனின் கண்ணோடு படித்துப் பார்த்தால், இச்சொல் ஆதியில் முள்ளைக் குறிக்கவில்லை என்பதும், முள்ளுக்கு அக்காலத்தார் வேறு பெயர் வழங்கினர் என்பதும், தூண்டில் என்று அவர்கள் சொன்னது கோலையும் அந்தக் கோலால் கை செய்யும் ஒரு செயலையுமே என்பதும் புலனாகும். கோலின் பெயர் கயிற்றின் வழியே இறங்கி முள்ளில் போய்ச் சேர்ந்த கதையே இங்கு என் விஷயம்.

தூண்டு என்னும் வினை தமிழில் மிகப் பழையது. தேர் செலுத்துபவன் குதிரையைத் தூண்டுகிறான். மாலையில் விளக்கேற்றிய பெண், சுடர் மங்கியபோது திரியைத் தூண்டுகிறாள். அதற்குதவும் சிறு குச்சிக்குத் தூண்டுகோல் என்று பெயர். அவ்வாறு எவரும் தூண்டவேண்டாமல் தானே ஒளிரும் மணியைத் தூண்டாவிளக்கு என்று அடியார்கள் இறைவனுக்கு உவமையாக்கினர். இப்பிரயோகங்கள் அனைத்திலும் அடிப்படையாக நிற்பது, ஓய்ந்து கிடக்கும் ஒன்றைச் சட்டென்று தள்ளி எழுப்புதல் என்ற கருத்து. கட்டு என்பதிலிருந்து கட்டில் என்ற பெயர் பிறந்தவாறே தூண்டு என்பதிலிருந்து தூண்டில் பிறந்தது என்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. பேதம் எங்கே வருகிறதென்றால், தூண்டப்படுவது எது என்ற இடத்தில் வருகிறது.

இரையைக் காட்டி மீனின் ஆசையைத் தூண்டுவதால் தூண்டில் எனப் பெயர் வந்தது என்பது பலர் சொல்லும் விளக்கம். கேட்பதற்கு இனிமையாகவும் இருக்கிறது. ஆசை காட்டி இழுத்தல் என்ற பொருளில் ஒருவனுக்குத் தூண்டில் போடுதல் என்று பேச்சு வழக்கிலும் சொல்லுகிறோம் அல்லவா? ஆயினும் இந்த விளக்கத்தை நான் ஏற்பதற்கில்லை. மனத்தைத் தூண்டுதல் என்பது கையால் தூண்டுவதிலிருந்து பின்னர் விரிந்த பொருள். மேலும், வலை தவிர்த்த மற்ற மீன்பொறிகள் பலவற்றிலும் இரை வைத்து ஆசை காட்டுவது உண்டு. பறிக்குள்ளும் இரை வைக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் இல்லாமல் தூண்டிலுக்கு மட்டும் உரிய செயல் எதுவென்று பார்த்தால், அது மீன் இரையைக் கவ்விய கணத்தில் கோலை மேல்நோக்கிச் சட்டென்று எழுப்பும் அந்தக் கைச்சுண்டல்தான். சுண்டாதவனுக்கு மீன் இல்லை. திரியை எழுப்பும் விரலுக்கும் கோலை எழுப்பும் மணிக்கட்டுக்கும் அசைவு ஒன்றே. இரண்டிலும் அதிகமாகத் தூண்டினால் காரியம் கெட்டுவிடும் என்பதும் ஒன்றே.

மலையாளத்தார் இக்கருவியைச் சூண்ட என்கிறார்கள்; சுட்டுவிரலுக்கும் அவர்களிடத்துச் சூண்டுவிரல் என்று பெயர். நம் தூண்டுதலோடு உறவுடையதாகவே அந்தச் சூண்டுதலைக் கொள்ளவேண்டும். அங்கும் சொல்லின் உயிர் கையின் அசைவில் இருக்கிறது. தெலுங்கரும் கன்னடரும் இந்த வழியில் வராமல் முறையே காலம், காள என்று வேறு சொற்களை வழங்குகிறார்கள். இச்சொற்களின் முதலெழுத்தை வல்லோசை மெலிந்த ககரமாக உச்சரிக்கவேண்டும். வடமொழியில் தூண்டில்முள்ளுக்குப் படிசம் என்று பெயர்; சுசுருத சம்ஹிதையில் ரண வைத்தியனுடைய கருவிகளுள் ஒன்றும் கொக்கி போல வளைந்திருத்தல்பற்றி அதே பெயரைப் பெற்றிருக்கிறது. பாகவதத்தில் அவதூதர் தமக்குக் குருவாகக் கூறும் இருபத்து நான்கு பொருள்களுள் மீனும் ஒன்று. நாவின் சுவையை வெல்ல முடியாமல் படிசத்தை விழுங்கி மடிவதால் அது உபதேசம் செய்யும் தகுதியைப் பெற்றது. ஆங்கிலரோ தூண்டிற்காரனை ஆங்கிளர் என்கிறார்கள். அதன் அடியாகிய ஆங்கிள் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் முள் என்று பொருள். வளைவைக் குறிக்கும் ஆதி வேரிலிருந்து வந்த அச்சொல்லுக்கு வடமொழியில் உடன்பிறப்பாக நிற்பது யானைப்பாகனின் அங்குசம். முள்ளின் வளைவைக் கண்டு பெயரிட்டவர்கள் அவர்கள். நம்மவர் கோலின் வேலையைக் கண்டு பெயரிட்டார்கள்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பார்க்கலாம். காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறச் செல்லும் ஒரு பாணனுக்கு வழி சொல்லும் முகமாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலில், வழியிடையே ஒரு மடுவும் அதன் கரையில் தூண்டில் இடும் ஒரு பாண்மகனும் வருகிறார்கள். பச்சை இறைச்சியை இரையாக இட்ட தோற்பை அவனிடம் இருக்கிறது. நெடிய மூங்கிற் கழையாலான தூண்டிலின் தலைப்பில் நாணை இறுகக் கட்டியிருக்கிறான். நாணின் முனையில் வளைந்த வாயையுடைய இரும்பு இருக்கிறது. அந்த இரும்பை மறைத்து இரை பொதியப்பட்டிருக்கிறது. கோல், கயிறு, முள், இரை, இரைப்பை என்ற ஐந்தும் இத்தனை முறையாகச் சொல்லப்பட்ட இடம் நம் பழைய இலக்கியத்தில் வேறொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இங்கே நாம் கவனிக்கத்தக்கது, தூண்டில் என்ற சொல் கழையோடு ஒட்டி நிற்பதும், முள்ளைச் சொல்லும்போது இரும்பு என்று தனியே பிரித்துச் சொல்லப்படுவதுமாகும்.

அந்தப் பகுதியின் முடிவு மீன் பிடிப்பவர் எவரையும் புன்னகை செய்ய வைக்கும். பொதிந்த இரையைக் கவ்விக்கொண்டு முள்ளை மட்டும் வெறுமனே விட்டுவிட்டுத் தப்பிய வாளைமீன், அன்று முதல் அஞ்சி, நீரருகே வளர்ந்த பிரம்பின் நிழல் தண்ணீரில் நடுங்குவதைக் கண்டாலும் தூண்டிற்கோல் என்று மருளுகிறதாம். இதைப் புலவரின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. தெளிந்த நீரில், முதுகுப்புறம் சூரியன் இருக்க நின்றுகொண்டு கோலை நீட்டுகிறவனுக்கு மீன் கிடைப்பது அரிது. கோலின் நிழல் விழுந்த மாத்திரத்தில் கெண்டைக் கூட்டம் கலைந்துபோகும். எங்கள் ஊரில் எனக்குத் தூண்டில் பழக்கிய முதியவர் ஒருவர், "நெழலத் தண்ணியில போடாத தம்பி, அப்பறம் எரைய யாருக்குப் போடுவ?" என்று சொல்லுவார். அவர் பெரும்பாணாற்றுப்படை படித்தவர் அல்லர். உருத்திரங்கண்ணனார் கரையில் உட்கார்ந்தவராக இருக்கவேண்டும் என்பது என் துணிபு.

குறுந்தொகையில் ஒரு புலவருக்குப் பெயரே தூண்டிலால் வந்தது. ஐம்பத்து நான்காம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோக, பாட்டில் அவர் அமைத்த உவமையைக்கொண்டு மீனெறிதூண்டிலார் என்று தொகுத்தோர் அவருக்குப் பெயர் சூட்டினர். தினைப்புனம் காப்போர் கவண் வீசும் ஓசையைக் கேட்டு வெருவிய காட்டு யானை, தான் வளைத்துத் தின்றுகொண்டிருந்த பசிய மூங்கிலைக் கைவிடுகிறது; விடுபட்ட மூங்கில், மீனைப் பிடித்து எறியும் தூண்டில் போல விர்ரென்று மேலே எழுகிறது; அத்தகைய நாட்டுக்குத் தலைவனோடு என் நலம் போய்விட்டது, நான் மட்டும் இங்கே இருக்கிறேன் என்கிறாள் தலைவி. இந்த உவமையில் தூண்டில் என்பது முள்ளாக இருக்க வழியே இல்லை. வளைவதும் எழுவதும் கோலே. மூங்கிலிலிருந்து வெட்டிய கோலுக்கு மூங்கிலை உவமை சொல்வது எளிது. இவர் உயிருள்ள மூங்கிலுக்கு வெட்டிய கோலை உவமை சொல்லியிருக்கிறார். மலைநாட்டுப் பாட்டில் மருத நிலத்துக் கருவி வந்து புகுந்த அழகும் இதில் உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது, எறிதல் என்ற சொல்லை அவர் இட்டிருக்கும் திறம். சக்கரமில்லாத குட்டைக் கயிற்றுத் தூண்டிலில் மீனைச் சுற்றி இழுப்பது என்பது கிடையாது; சுண்டிய வேகத்தில் அது தண்ணீரைவிட்டுக் கிளம்பி, தலைக்கு மேலாகப் போய், பின்னாலுள்ள புல்லில் விழும். அதைத் தேடி எடுப்பதற்குள் அது மறுபடி வாய்க்காலில் குதித்துவிடுவதும் உண்டு.

திருக்குறளில் சூது என்னும் அதிகாரத்தின் முதற்பாட்டில், சூதில் வென்ற பொருள் மீன் விழுங்கிய தூண்டிற்பொன்னுக்கு ஒப்பிடப்படுகிறது. பொன் என்றதைத் தங்கம் என்று மயங்கவேண்டாம். உலோகப் பொதுவுக்கு அக்காலத்தில் பொன் என்ற பெயர் உண்டு. பரிமேலழகரும் இரும்பு என்றே உரை செய்தார். தூண்டிலும் முள்ளும் ஒன்றாயிருந்தால் மீன் தூண்டிலை விழுங்கியது என்று சொல்லி முடித்திருக்கலாம். தூண்டிலினது பொன் என்று வள்ளுவர் பிரிக்க வேண்டியிருந்ததே, அவர் காலத்திலும் தூண்டில் முழுக் கருவிக்குப் பெயராக இருந்து, விழுங்கத்தக்க உறுப்புக்கு வேறு சொல் தேவைப்பட்டதைக் காட்டுகிறது.

இந்த ஆராய்ச்சியில் அகநானூற்றின் முப்பத்தாறாம் பாட்டுக்கு நேரான இடம் இல்லையென்றாலும் அதை விட்டுச் செல்ல மனம் வரவில்லை. மதுரை நக்கீரர் பாடிய மருதப்பாட்டு அது. வரிகளையுடைய ஆண் வரால் ஒன்று இரையோடு முள்ளையும் விழுங்கிவிட்டு, ஆம்பல் இலை கிழியவும் குவளைப் பூக்கள் சிதையவும் பாய்ந்தெழுந்து, பின்னிக் கிடக்கும் வள்ளைக்கொடியைக் கலக்கி, தூண்டிற்காரன் இழுக்க இழுக்க வாராமல், கயிறிட்ட சினக்காளை போல் விடியற்காலத்துக் குளத்தை உழக்குகிறது. நாம் விரால் என்கிற அந்த மீனைக் கொளுத்தியவர்களுக்கு இதில் ஒரு சொல்லும் மிகையாகத் தோன்றாது. கெண்டை மாட்டினால் ஆழத்தை நோக்கி ஓடும், கெளுத்தி மாட்டினால் சேற்றில் ஒட்டும். விரால் மட்டுமே கொடியையும் வேரையும் தேடிப்போய் நரம்பை அவற்றில் சுற்றிக்கொண்டு நம்மோடு வழக்காடுகிறது. வெளிக்காற்றையும் சுவாசிக்கும் மீன் ஆதலால் கலங்கிய நீரில் அதற்கு மூச்சுத் திணறுவதும் இல்லை. விராலுக்கு இரை சிறு தவளை; முதுகில் முள்ளைக் கோத்து, தாமரை இலைகளுக்கிடையே தத்தித் தத்திச் செல்வதுபோல் கோலின் நுனியை ஆட்டவேண்டும். செந்நிறக் குஞ்சுத்திரளை மேய்த்துக்கொண்டு கீழே காவல் நிற்கும் தாய் தந்தை விரால்கள் பசியில்லாவிட்டாலும் கோபத்தினாலேயே தவளையைக் கவ்வும் என்பதை அறிந்து, குஞ்சுத்திரளைத் தேடிப் பிடித்து அதன்மேல் தூண்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மீன்பிடித்தலாகுமே தவிர விநோதமாகாது என்பது என் கட்சி. காவல் போன குஞ்சுகளைக் குறவையும் கொக்கும் மாலைக்குள் தீர்த்துவிடும்.

இனிக் கருவியின் உறுப்புகளுக்கு வருவோம். ஒவ்வோர் உறுப்புக்கும் தனியே ஒரு பெயர் வரலாறு உண்டு. கோலுக்கு எங்கள் பக்கத்தில் தூண்டில்கழி என்றும் கம்பு என்றும் பெயர். உட்புறம் துளையின்றிக் கெட்டியாக வளரும் கல்மூங்கிலே இதற்கு உத்தமமானது. ஐப்பசி மழைக்கு முன்பே வெட்டி நிழலில் உலர்த்தி, கோணல் உள்ள கணுக்களை நெருப்பில் வாட்டி நிமிர்த்து, இலுப்பெண்ணெய் தடவி, தாழ்வாரத்து இறவாணத்தில் செருகிவைத்த கழி, தந்தைக்குப் பின் மகனுக்கும் பயன்படும். மேல்நாட்டார் மூங்கிலை நீளவாட்டில் ஆறு சிம்புகளாகப் பிளந்து, பட்டை வெளிப்புறம் வருமாறு இழைத்து ஒட்டி அறுகோணமாகச் செய்த கோல்களை ஒருமுறை ஒரு நண்பர் வீட்டில் கையிலெடுத்துப் பார்த்திருக்கிறேன். வேலைப்பாட்டில் வீணைக்குக் குறைந்ததல்ல. பின்னர் கண்ணாடி இழையும் அதன்பின் கரியிழையும் வந்து மூங்கிலை ஒதுக்கிவிட்டன.

கயிற்றைப் பெரும்பாணாற்றுப்படை நாண் என்று வில்லின் பெயரால் வழங்கியது. இப்போது நாம் நரம்பு என்கிறோம், தங்கூசி என்றும் சொல்லுவார்கள். பருத்தி நூலை முறுக்கி, பனிச்சங்காயின் சாற்றில் ஊறவைத்துப் பயன்படுத்திய காலம் போய், 1938-இல் அமெரிக்காவில் நைலான் வெளியிடப்பட்டபின் உலகெங்கும் தூண்டிற்கயிறு பெரும்பாலும் செயற்கை இழைக்கு மாறிற்று. நரம்பு என்பது பழந்தமிழில் முதன்மையாக யாழ்த்தந்திக்கு உரிய சொல். யாழும் தூண்டிலும் பாணர் கையில் ஒருசேர இருந்தவை என்பதை நினைக்கும்போது, ஒரு கருவியின் சொல் மறு கருவிக்கு இடம் மாறியிருப்பது தற்செயலே ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மிதப்பு என்றும் தக்கை என்றும் சொல்லப்படுவது மீனின் செய்தியைக் கரைக்குச் சொல்லும் உறுப்பு. தூண்டிற்காரனுக்கு மிதப்பிலே கண் என்ற பழமொழி, காரியத்திலேயே கண்ணாயிருப்பவனைக் குறிப்பதற்கு வழங்குகிறது. தஞ்சைத் தொழிலாளர்கள் கோபுரமும் தேரும் செதுக்கும் அதே நெட்டியையோ, வயலுக்குத் தழையுரமாகும் தக்கைப்பூண்டின் தண்டையோ நறுக்கி நாங்கள் மிதப்புச் செய்தோம். மயிலிறகின் அடித்தண்டு கிடைத்துவிட்டால் அதைவிடப் பாக்கியம் இல்லை. ஏனெனில் சிறு கெண்டை முகர்ந்தாலும் அது நிமிர்ந்து காட்டும். "ஆடுறப்ப இழுக்காத, அமுங்குறப்ப சுண்டு" என்பது மேற்சொன்ன முதியவரின் இரண்டாவது சூத்திரம். முதற்சொல்லில் உள்ள பொறுமையும் இரண்டாவதில் உள்ள வேகமும் சேர்ந்ததே தூண்டுதல்.

இரையில் முதன்மையானது மண்புழு. நாங்கூழ், பூநாகம், நாக்குப்பூச்சி எனப் பல பெயர்களால் அதை நம்மவர் அறிவர். டார்வின் மண்புழுவைப்பற்றி எழுதிய நூல் 1881-இல் வந்தது. அதற்குப் பத்தாண்டு பின்னர் வெளியான மனோன்மணீயத்தில் சுந்தரம் பிள்ளை நாங்கூழை உழவனுக்கு உற்ற தொழிலாளியாகப் பாராட்டி நடராசன் வாயிலாக விரிவாகப் பேசியிருக்கிறார். அந்தப் பகுதியைப் படித்த பிறகும் புழுவை முள்ளில் கோக்கத்தான் செய்தேன். சாணக்குவியலின் அடியில் தோண்டும்போது மட்டும் தேவைக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, ஜிலேபிக்கெண்டை என்ற தித்திப்பான பெயரோடு குளமெல்லாம் பரவிவிட்ட மீனுக்குப் புழுகூட வேண்டுவதில்லை. பிசைந்த மாவு உருண்டையே போதும். அந்த மீன் தூண்டிற்காரனின் திறமையைச் சோதிப்பதே இல்லை என்பதால் எனக்கு அதனிடம் மரியாதை குறைவு.

முள்ளைப்பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். சிந்துவெளி நாகரிக ஊர்களில் செம்பாலான தூண்டில்முட்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. லோத்தலில் கிடைத்தவற்றில், பிடித்த மீன் நழுவாதபடி உட்புறம் பின்னோக்கிய சிறுமுள்ளும் அமைந்திருக்கிறது. அந்தச் சிறுமுள்ளுக்குப் பிறகு இந்தக் கருவியில் செய்வதற்கு அதிகம் மிச்சமிருக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் லண்டனில் முள் செய்த சார்லஸ் கிர்பி என்பவர் வளைவைச் சற்றே பக்கவாட்டில் ஒதுக்கினார். கிர்பி என்ற அவர் பெயர் அந்த வடிவத்துக்கு இன்றும் நிற்கிறது. 1832-இல் நார்வேயில் தோன்றிய முஸ்டாட் தொழிற்சாலையில் 1877-இல் முள் செய்யும் இயந்திரம் அமைந்த பிறகு, கொல்லன் பட்டறையில் ஒன்றொன்றாகத் தட்டிய பொருள், எண்ணிட்ட பெட்டிகளில் உலகச் சந்தைக்கு வரலாயிற்று. எண் ஏற ஏற முள் சிறியதாகும் என்ற அந்த விபரீதக் கணக்கு, முதன்முதல் வலைக்கடைக்குப் போகிற சிறுவனை இன்றும் திகைக்க வைக்கிறது.

கோலின் பெயர் முள்ளுக்கு இறங்கியது எவ்வாறு என்ற கேள்விக்கு என் விடை கடற்கரையில் இருக்கிறது. ஆற்றிலும் குளத்திலும் கரையிலிருந்து தண்ணீருக்கு எட்டவேண்டியிருப்பதால் கோல் வேண்டும். கட்டுமரத்தின்மேல் இருப்பவனுக்குத் தண்ணீர் காலடியிலேயே இருப்பதால் கோல் எதற்கு? அவன் கயிற்றை நேரே கையில் பிடித்து இறக்குகிறான். தூண்டும் வேலையைக் கோலுக்குப் பதில் விரலே செய்கிறது. கோல் கழன்றபின் கருவியில் எஞ்சுவது கயிறும் முள்ளும். கயிறு எதற்கும் பயன்படும் பொதுப்பொருள் ஆகையால், தூண்டில் என்ற பெயர் போய் ஒதுங்குவதற்கு முள்ளைத் தவிர வேறிடமில்லை. நெடுங்கயிற்றில் வரிசையாக நூற்றுக்கணக்கான முட்களைக் கட்டி ஆழ்கடலில் சுறாவுக்கு விரிக்கும் முறையில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் பேர்பெற்றவர்கள்; அங்கே தூண்டில் என்றால் கோலை நினைப்பார் ஒருவரும் இரார். உள்நாட்டிலும் இராப்பொழுதில் கயிற்றைக் கரை மரத்தில் கட்டிவிட்டு விடியலில் வந்து பார்க்கும் வழக்கம் உண்டு. இப்படிக் கோலில்லாத தூண்டில்கள் பெருகப் பெருக, மீனை எறிந்த தூண்டிலின் ஞாபகம் மங்கிப்போயிற்று.

ஆங்கிலேயர் காலத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. சென்னை ராஜதானியின் சிவில் உத்தியோகஸ்தராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், நம் நாட்டு ஆறுகளில் மீன் பிடிப்பதைப்பற்றி 1873-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலுக்கு 'இந்தியாவில் கோல்' என்று பொருள்படும் பெயரிட்டார். நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-இல் இன்னொரு நூலும் எழுதினார். முள்ளால் தம்மைப் பெயரிட்டுக்கொண்ட கூட்டத்தார் கோலைக் கொண்டாடியதும், கோலால் பெயரிட்ட நாம் முள்ளில் வந்து நின்றதும் விசித்திரமான பரிவர்த்தனை. அவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து டிரவுட் மீனை மலை ஓடைகளில் வளர்த்தார்கள்; இறகையும் பட்டு நூலையும் முள்ளில் சுற்றி ஈயைப்போலச் செய்து, மெல்லிய கோலால் அதை நீர்மேல் மிதக்கவிடும் கலையை அந்த ஓடைக்கரையில் நான் வேடிக்கை பார்த்ததுண்டு. காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் அவர்களும் மைசூர்க்காரர்களும் தேடிப்போனது மாசீர். கபினியில் 1946-இல் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் பிடித்த மாசீர் 120 பவுண்டு இருந்தது. அத்தகைய மீனைச் சுண்டி எறிய எந்தப் பீமனாலும் ஆகாது. மணிக்கணக்கில் கயிறு விட்டும் வாங்கியும் களைக்கவைக்க வேண்டும். காவிரியின் திமில் மாசீர் 2018-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டுவிட்டது.

விட்டு வாங்கச் சக்கரம் வேண்டும். சீன ஓவியர் மா யுவான் 1195-ஆம் ஆண்டையொட்டி வரைந்த படத்தில், பனிக்கால ஏரியில் படகிலிருப்பவனுடைய கோலில் சக்கரம் காணப்படுகிறது. நம்மிடத்தில் அது வழங்காததால் அதற்கு நம் மொழியில் பெயரும் ஏற்படவில்லை. வந்தபோது ரீல் என்றே வந்தது. 1905-இல் இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேயர் உரிமை பெற்ற, உருளை நிலையாக நிற்க நூல் மட்டும் உருவி ஓடும் வகையே இன்று நம் இளைஞர்கள் கையில் இருப்பது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் மரத்தவளையும் ரப்பர் தவளையும் வெகுதூரம் வீசுகிறார்கள். வீசிச் சுற்றுகிறார்கள், மறுபடி வீசிச் சுற்றுகிறார்கள். உட்கார்ந்து மிதப்பைப் பார்க்கும் வேலை இல்லை. கோலை ராடு என்றும் போலி இரையை லூர் என்றும் சொல்லும் அவர்கள்மேல் நான் குறை காணவில்லை. அவர்கள் கருவி வேறு, கையின் அசைவும் வேறு. பெயரும் வேறாகத்தானே இருக்கும்?

தூண்டில் என்ற சொல் மிகப் புதிதாகப் பெற்ற பொருளையும் சொல்லிவிடுகிறேன். தென்கோடிக் கடலோரத்தில் அலை கரையை அரிப்பதைத் தடுக்க, பாறாங்கற்களைக் கடலுக்குள் நீட்டிக் கொட்டி, நுனியைக் கொக்கிபோல் வளைத்து அமைக்கும் சுவருக்குத் தூண்டில் வளைவு என்று பெயர். எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு வேண்டும் என்று மீனவர்கள் மனுக் கொடுக்கிறார்கள். அரசாங்க அறிவிப்புகளிலும் அப்பெயரே அச்சாகிறது. இதில் கோலும் இல்லை, கையும் இல்லை, மீனும் இல்லை. முள்ளின் வளைவு மட்டும் இருக்கிறது. ஆங்கிலர் புறப்பட்ட இடத்துக்கு நம் சொல் சுற்றிவந்து சேர்ந்திருக்கிறது என்று மொழிநூலார் சொல்லக்கூடும். ஆனாலும் காவிரிக் கழிமுகத்துக் கிராமங்களில் வயதானவர்கள் முள்ளை முள்ளென்றும், கோலும் நரம்பும் கூடிய முழுக்கருவியைத் தூண்டி என்றும்தான் இன்றளவும் சொல்லுகிறார்கள். சென்ற மாதம் நான் தஞ்சாவூரில் ஒரு வலைக்கடைக்குப் போய்த் தூண்டில் வேண்டும் என்று கேட்டபோது, கடைப்பையன் என் வெள்ளைத் தலையைப் பார்த்துச் சிறிது யோசித்துவிட்டு, "முள்ளா தாத்தா, ராடா?" என்று கேட்டான். இரண்டும்தான் என்றேன், கிர்பியில் எட்டாம் எண் முள் ஒரு பொட்டலம் கொடுத்து, கழி எங்களிடம் வருவதில்லை, கீழவாசல் பக்கம் மூங்கில் கடையில் பாருங்கள் என்று வழி சொல்லி அனுப்பினான்.